முட்டைப் பெட்டியின் உயரம்

அரசு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, "அப்பா, நம்ம ஷெட்டுல இருக்கற முட்டைப் பொட்டியோட அளவ எடுத்து அனுப்புங்க, அதே மாதிரி இங்க கல்லாவி வெல்டிங் கடையில சொல்லப் போறன்" என்றாய். சரி என்றேன். டேப்பை எடுத்து அளந்து ஒரு படம் பிடித்து அனுப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. ஐந்து நாளாகியும் அனுப்பவில்லை. முந்தாநாள் நந்தினி போன் செய்து, "மாமா, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அந்த அளவை அனுப்பினால் கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், அதுதான் காரணம். போனில் சொல்ல எனக்கு வராது. பேச ஆரம்பித்தால் பாதியில் மழை, தீவனம் என்று வேறு எதற்காவது தாவிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு நந்தினியிடமும் கொடு. உன் மாமனார் கொடுத்த நிலத்தில் நீ ஷெட் போடலாம், கோழி வாங்கிவிடலாம். தினமும் பெட்டிக்குள் கைவிட்டு முட்டை எடுக்கப்போகிறவள் அவள். அதுவும் இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

முதலில் உன் கேள்விக்கே வருகிறேன். அறுபது கோழி என்றாய். நான்கைந்து கோழிக்கு ஒரு பெட்டி போதும்; பன்னிரண்டு வை, முடிந்தால் பதினைந்து. நீ எத்தனை வைத்தாலும் அவை இரண்டு மூன்று பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்ளும், அதைப் பார்த்துப் பயப்படாதே. ஒரு கோழி உட்கார்ந்து திரும்ப இடம் இருந்தால் சரி, ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம், உயரம் அதைவிடக் கொஞ்சம் கூட. பெரிதாகச் செய்தால் இரண்டு கோழி ஒன்றாக நுழைந்து முட்டையை மிதித்து உடைக்கும். கோழி முட்டையிட இடம் தேடுவது ஒளிந்துகொள்ளத்தான். வாசல் வெளிச்சம் படாத பக்கமாக வைத்து, முன்னால் சாக்கைக் கிழித்துத் தொங்கவிடு. உள்ளே நெல் உமியை நான்கு விரல் உயரத்துக்குப் போட்டு, அது கொட்டாமல் இருக்க வாசலில் ஒரு தடுப்புக் கட்டை அடித்துவிடு. இரவில் அவை ஏறி உட்காரும் கழி எப்போதும் பெட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமாக்கி வைக்கும், காலையில் வரும் முட்டையெல்லாம் அழுக்காக இருக்கும். முட்டையிட ஆரம்பித்த பிறகு பெட்டி வைத்துப் பயனில்லை. நான்கு மாதக் கோழியாக இருக்கும்போதே வைத்துப் பழக்கிவிடு. மரமா தகடா என்றும் கேட்டாய். மரத்தில் இடுக்கெல்லாம் செள்ளுப் பூச்சி அடையும், சுண்ணாம்பு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தகடு கழுவ எளிது. ஆனால் சித்திரை வெயிலில் தகடு எப்படிக் காயும் என்று உன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடப் பொய். அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை.

முப்பத்தொரு வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவன் நான். முடியைவிட மெல்லிய வித்தியாசத்தை விரல் நுனியால் தடவியே சொல்வேன் என்று அங்கே எனக்குப் பேர். ஓய்வு பெற்று இந்த உத்தனப்பள்ளி நிலத்துக்கு வந்தபோது நூறு கோழி வளர்க்கலாம் என்று சொன்னது உன் அம்மாதான். ஊத்தங்கரையில் அவள் பிறந்த வீட்டில் கோழி இல்லாத நாள் கிடையாது. எனக்குக் கோழி ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தில் போய் நின்றபோது, தெரிந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெட்டியை நானே செய்கிறேன் என்றேன். தகடு வாங்கி, இரும்பு ஆங்கிள் வெட்டி, ஒன்றரை மாதம் வேலை செய்தேன். இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துப் பெட்டி. முட்டை இட்டதும் தானாகப் பின்பக்கம் உருண்டு ஒரு தட்டில் வந்து நிற்கிற மாதிரி சரிவு. அப்போது புனேயில் வேலையில் இருந்த நீ தீபாவளிக்கு வந்தபோது அதைத் தட்டிப் பார்த்து, "கம்பெனி பீஸ் மாதிரி இருக்குதுப்பா" என்றாய். அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

அதன் உயரத்தைப் பற்றி யார் கேட்டாலும் கீரி ஏறும், பாம்பு வரும், அதனால் உயரத்தில் வைத்தேன் என்று சொல்வேன். உன்னிடமும் அப்படித்தான் சொன்னேன். கீரி ஏறத்தான் செய்யும், ஆனால் காரணம் அதில்லை. நின்றபடியே வெல்டிங் செய்ய என் நெஞ்சு உயரம் வசதியாக இருந்தது. வேலை முடிந்ததும் அந்த உயரத்திலேயே போல்ட் போட்டு நிறுத்திவிட்டேன். கீழ் வரிசை என் நெஞ்சுக்கு, மேல் வரிசை என் தலைக்கு. நான் ஆறடி. உன் அம்மா எவ்வளவு இருப்பாள் என்று உனக்குத் தெரியும். அவள் தலை என் தோளுக்கு வராது. அந்த ஒன்றரை மாதத்தில் ஒரு நாள்கூட அவளைக் கூப்பிட்டு, இங்கே வந்து நில், கை எட்டுகிறதா பார் என்று நான் சொல்லவில்லை. முட்டை எடுக்கப்போவது அவள் என்று தெரிந்தும் சொல்லவில்லை.

முதல் நாளே அவள் பார்த்துவிட்டு, "இது எனக்கு எட்டாதுங்க. கொஞ்சம் கீழ எறக்கி வுடுங்க" என்றாள்.

"பொட்டி கோழிக்கு. உனக்கில்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு சொன்னபோதெல்லாம் சிரிக்கவில்லை. கோழிகளும் பெட்டிக்குப் போகவில்லை. மாசி முடிந்து வெயில் ஏறியதும் தகடு காய்ந்தது, ஏறின ஒன்றிரண்டும் இறங்கி ஓடின. சரிவை நான் அதிகமாக வைத்துவிட்டேன். உருண்டு வந்த முட்டை தட்டில் மோதி விரிசல் விட்டது. உடைந்த முட்டையைக் கொத்திப் பழகிய கோழிகள் நல்ல முட்டையையும் கொத்த ஆரம்பித்தன. "நீ நேரத்துக்கு எடுக்காததாலதான் உடையுது" என்று அவளைத் திட்டினேன். ஒரு நாள் ராயக்கோட்டைக்குப் போய், மண்டியில் ஓரம் உடைந்த தக்காளி கிரேட் ஆறு வாங்கி வந்தாள். அவற்றைப் படுக்கவைத்து, ஷெட்டின் இருட்டு மூலையில் இரண்டு செங்கல் மேல் நிறுத்தி, உமி போட்டு, சாக்கைத் தொங்கவிட்டாள். ஒரு வாரத்தில் கோழியெல்லாம் அங்கே வரிசையில் நின்றது. கூடை நிறைய நல்ல முட்டை. அவள் முகத்தில் நான் நீண்ட நாள் பார்க்காத ஒரு களை. எனக்கு அது பிடிக்கவில்லை, அரசு. அந்தக் களையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய சூப்பர்வைசர் குடும்பத்தோடு தோட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பெட்டியைக் காட்டத்தான் நான் கூப்பிட்டிருந்தேன். அவர் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார், வெல்டிங்கைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு கோழிகூட இல்லை. மூலையில் தக்காளி கிரேட்டுக்கு முன்னால் கோழிகள் அடித்துக்கொண்டு நின்றன. அவர் சிரித்துக்கொண்டே, "என்னய்யா, உன் ஐட்டம் இன்ஸ்பெக்‌ஷன்ல ரிஜெக்ட் ஆயிடுச்சே" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், உன் அம்மாவும் சிரித்தாள். அவர்கள் கார் ரோட்டுக்கு ஏறும் வரை காத்திருந்தேன். பிறகு ஷெட்டுக்குள் போய் அந்த ஆறு கிரேட்டையும் எடுத்து வேலிப்பக்கம் வீசினேன். ஒன்றில் முட்டையிட உட்கார்ந்திருந்த கோழி இருந்தது, அதோடு சேர்த்து வீசினேன். அந்த மூலையில் ஹாலோ பிளாக் அடுக்கி அடைத்தேன். உன் அம்மா வாசலில் நின்று பார்த்தாள். நான் கை கழுவப் போனதும் அவற்றைப் பொறுக்கி, கழுவி, வீட்டின் பின்னால் அடுக்கிவைத்தாள்.

வேறு இடம் இல்லாமல் கோழிகள் மெதுவாக என் பெட்டிக்கு ஏறின. தட்டின் சரிவைக் குறைத்தேன், மேலே தென்னங்கீற்று போட்டேன், உயரத்தை மட்டும் தொடவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். அன்றிலிருந்து உன் அம்மா இருபது லிட்டர் பெயின்ட் டப்பா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, அதில் ஏறி மேல் வரிசை முட்டையை எடுத்து முந்தானையில் கட்டிக்கொண்டு இறங்குவாள். காலையில் இரண்டு தடவை, மதியம் ஒரு தடவை. பத்துப் பெட்டிக்கும் டப்பாவை நகர்த்தி நகர்த்தி ஏற வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிச் செய்தாள். "கீழ எறக்கி வுடுங்க" என்று இடையிடையே சொல்வாள். நாளைக்கு என்பேன். நான்கு போல்ட்தான். ஸ்பேனர் எப்போதும் என் பைக்குள் இருந்தது.

ஆடி மாதம், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, பத்து மணி இருக்கும். நான் ஷெட்டின் இந்தப் பக்கம் தீவனம் கலந்துகொண்டிருந்தேன். அவள் அந்தப் பக்கம் இருந்து, "ஏங்க, மேல் வரிசைய மட்டும் எடுத்துக் குடுங்களேன். டப்பா ஆடுது, அடியில விரிசல் வுட்டிருக்குது" என்றாள்.

"கை பூரா தீவனமா இருக்குது. நீயே எடு" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் டப்பா உடைகிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. ஓடிப் பார்க்கும்போது ஒருக்களித்துக் கிடந்தாள். முந்தானையில் இருந்த முட்டையெல்லாம் உடைந்து மஞ்சள் கரு மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது. கோழிகள் அவளைச் சுற்றி வந்து அதைக் கொத்தின. அவள் புடவையிலும் கொத்தின. அவற்றை விரட்டக்கூட அவளால் கையை எடுக்க முடியவில்லை. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து நாகம்மா ஓடிவந்தாள். ரோட்டைப் பார்த்து "அக்கா கிந்த படிபோயிந்தி" என்று அவள் தெலுங்கில் கூவியதில்தான் நான்கு பேர் வந்தார்கள். அக்கா கீழே விழுந்துவிட்டாள் என்று அவள் கூவினாளே, அப்படிச் சொல்லி ஆள் கூப்பிடக்கூட எனக்கு அப்போது வாய் வரவில்லை.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஓசூரில் ஆபரேஷன் முடிந்த மறுநாள் நீ புனேயிலிருந்து வந்தாய். பையைக்கூடக் கீழே வைக்காமல், "எப்பிடிம்மா வுழுந்த?" என்று கேட்டாய். நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "தண்ணித் தொட்டிகிட்ட பாசிடா கண்ணு. வழுக்கிருச்சு" என்றாள். சொல்லிவிட்டு உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. உன்னிடம் இப்போது எதையும் சொல்ல வேண்டாம் என்பது மாதிரிப் பார்த்தாள். நீ என் பக்கம் திரும்பி, "அந்தத் தொட்டியச் சுத்தி சிமென்ட் போடச் சொல்லி எத்தன தடவ சொன்னன்" என்றாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செய்யாத குற்றத்துக்குத் திட்டு வாங்கும்போது மனம் லேசானது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் லேசானது உண்மை.

நீ திரும்பிப் போன பிறகு, வீட்டில் அவளுக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. "அவன் கோவக்காரன். உங்ககிட்ட பேசாம போயிட்டா அப்புறம் யார் இருக்கறாங்க உங்களுக்கு?" என்றாள். கொஞ்சம் கழித்து, "நான் எழுந்து நடக்கறதுக்குள்ள அத எறக்கி வெச்சுடுங்க, போதும்" என்றாள். சரி என்றேன். அந்த ஆறு வாரமும் முட்டையை நான்தான் எடுத்தேன். நின்றபடியே கையை நீட்டினால் கீழ் வரிசை, கொஞ்சம் தூக்கினால் மேல் வரிசை. ஒரு சிரமமும் இல்லை. பெட்டி அச்சு அசலாக எனக்காகச் செய்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் இறக்கவில்லை. இறக்கினால் நாகம்மாவுக்குத் தெரியும், நீ வந்தால் ஏன் இறக்கினீர்கள் என்று கேட்பாய். ஆறாவது வாரம் ஒரு மத்தியானம் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன வண்டி சூளகிரி தாண்டவில்லை. நான் வாக்குக் கொடுத்த வேலை அப்படியே கிடந்தது, அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் நீ செய்ததை நான் எப்படி மறப்பேன்? காலையிலேயே மூன்று மூட்டை சிமென்ட் வாங்கி வந்து தண்ணித் தொட்டியைச் சுற்றிப் பாசியைச் சுரண்டினாய். யாரையும் தொடவிடவில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டே பூசினாய். நான் உனக்கு மணல் சலித்துக் கொடுத்தேன், கலவை கலந்து கொடுத்தேன். அவள் அங்கே விழவே இல்லை என்று தெரிந்த நான், பக்கத்தில் நின்று கலவை கொடுத்தேன். நாகம்மா வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த மூன்று வருடத்தில் அவள் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, என்னோடு முகம் கொடுத்துப் பேசியதும் இல்லை. உன் அம்மாவிடம் நான் செய்தது ஒன்று. அந்தக் காலையில் உன்னிடம் செய்தது அதற்குக் குறைந்ததில்லை.

அந்தப் பெட்டி மாதிரியே இன்னொன்று வேண்டும் என்று போன வாரம் நீ கேட்டாய். அதை நீ உன் அம்மாவின் ஞாபகமாக நினைக்கிறாய். அதே உயரத்தில், அதே மாதிரி ஏதோ ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு நந்தினி ஏறுவாள். திங்கட்கிழமை காலை போல்ட்டைக் கழற்றினேன். துருப்பிடித்திருந்ததால் அறுக்க வேண்டியிருந்தது. மேல் வரிசையை வெட்டி எடுத்துவிட்டேன். கீழ் வரிசையைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வைத்தேன். கோழி ஏறி நின்று உள்ளே பார்க்க முன்னால் ஒரு கட்டை, கூரை சரிவாக, அதில் ஏறி உட்கார முடியாதபடி. இப்போது இருபத்திரண்டு கோழிதான் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் அவை தரையில் இட்டன. ஒரு பெட்டியில் மரத்தில் கடைந்த முட்டை ஒன்றைப் போட்டுவைத்தேன், மூன்றாம் நாள் ஒரு கோழி போய் உட்கார்ந்தது. நீ கேட்ட அளவு இதுதான். ஆனால் என் அளவையும் நம்பாதே. கடைக்குப் போகும் முன் நந்தினியை ஷெட்டில் நிற்கவைத்து, கையை உள்ளே விடச் சொல்லிப் பார். அவளுக்கு ஆறாம் மாதம், எட்டாம் மாதம் எப்படிக் குனிய முடியும், எப்படி முடியாது என்று அவளையே கேள். அவள் தக்காளி கிரேட் போதும் என்றால் கிரேட்டே வை.

உனக்கு எழுதும் முன்பு இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேற்றுக் காலை கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஊத்தங்கரைக்கு உன் மாமா வீட்டுக்குப் போனேன். அக்கா என்றால் அவருக்கு உயிர் என்று உனக்குத் தெரியும். மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், இதில் எழுதியதைவிடச் சுருக்கமாக. அவர் வைக்கோலைக் கையில் வைத்தபடி கேட்டார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"அக்கா எறக்கச் சொன்னது எத்தன தடவ, மாமா?"

"எண்ணல" என்றேன்.

அவர் தலையாட்டினார். "சாப்ட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை அவிழ்த்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். உன் அத்தை இலை போட்டாள். விஷயம் தெரியாததால் பக்கத்தில் உட்கார்ந்து உன்னைப் பற்றியும் நந்தினியைப் பற்றியும் விசாரித்தாள். நான்கு வாய் சாப்பிட்டேன். கிளம்பும்போது மாமா திரும்பி வரவில்லை. இத்தனை வருடத்தில் நான் அந்த வீட்டிலிருந்து கிளம்பி, அவர் பஸ் ஸ்டாண்டு வரை வராத நாள் இல்லை. கூட்டம் என்றால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துக் கொடுப்பார். நேற்று நான் தனியாக நடந்தேன். அது நியாயம்தான் என்று நடக்கும்போதே தோன்றியது.

உன்னிடமும் அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை. உன் அம்மா எதற்குப் பயந்து அந்தப் பொய்யைச் சொன்னாளோ அதுவே நடக்கட்டும் என்று துணிந்துதான் இதைத் தபாலில் போடுகிறேன். நீ வந்து சத்தம் போட்டால் கேட்டுக்கொள்வேன். பேசாமல் இருந்தாலும் நானாகப் போன் செய்து உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். குழந்தை பிறந்து பேர் வைக்கும் நாளுக்கு மட்டும், நான் வரலாமா கூடாதா என்று நந்தினியை விட்டாவது ஒரு வார்த்தை சொல்லச் சொல். கூடாது என்றால் வரமாட்டேன்.

அப்பா